வீட்டு அம்மாள் பெயரில் என்ன இருக்கிறது?

ராயபுரத்தில் தொடங்கிக் கடலோரமாக எண்ணூர் வரை ஒரு தடவை போய் வந்தால், அந்த வட்டாரம் முழுவதுமே மணிக் கணக்குக்குக் கட்டுப்பட்டு நடப்பது தெரியும். முதல் ஷிப்டு, இரண்டாவது ஷிப்டு, ராத்திரி ஷிப்டு என்று ஆலைகளுக்கு ஒரு கணக்கு. கப்பல் வரும் நேரம், புறப்படும் நேரம் என்று துறைமுகத்துக்கு ஒரு கணக்கு. விசைப்படகு கரை சேரும் விடியற்காலை என்று காசிமேட்டுக்கு ஒரு கணக்கு. ஆண்களின் உத்தியோகம் இந்தக் கணக்குகளில் ஏதாவது ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கிறது. 58 அல்லது 60 வயது ஆனதும் ஒரு நாள் அது நிற்கிறது. மாலை போட்டு, சால்வை போர்த்தி, குரூப் போட்டோ எடுத்து, செட்டில்மெண்டுப் பணத்தைக் கொடுத்து, மரியாதையாக வீட்டுக்கு அனுப்பி வைக்கிறார்கள்.

அந்த முப்பது வருஷமும் விடியுமுன்பே எழுந்து காப்பி போட்டு, டிபன் கட்டி, குழந்தைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, மாமியாருக்கு மருந்து கொடுத்து, ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிறவருக்காகச் சாதத்தை மூடி வைத்துக் காத்திருந்த அம்மாளுக்கு என்ன? அவளுக்கு ரிடையர்மெண்டும் இல்லை, செட்டில்மெண்டும் இல்லை.

இது கஷ்ட ஜீவனம் நடத்துகிற வீட்டுச் சங்கதி என்று எண்ணிவிடவேண்டாம். வட சென்னை என்றதும் பலருக்குப் புகையும் லாரியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட காலம் தொட்டு, பெரிய சம்பாத்தியங்களுக்கும் அது இடமாக இருந்து வருகிறது. மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் அதிகாரிகள், 2001 முதல் நடந்து வரும் எண்ணூர்த் துறைமுகத்தில் பெரிய வேலை பார்ப்பவர்கள், கப்பல் என்ஜினீயர்கள், சுங்க ஏஜெண்டுகள், பத்துப் பதினைந்து கன்டெய்னர் லாரி வைத்திருக்கும் முதலாளிகள், விசைப்படகுச் சொந்தக்காரர்கள் – இவர்கள் வீடுகளில் மாதம் ஒரு லட்சம், இரண்டு லட்சம், அதற்கு மேலும் வருகிறது. அம்மாள் வீட்டோடு இருக்கிறாள். ஒரு குறையும் இல்லை. குறை இல்லாத காரணத்தாலேயே ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: அம்மாளின் வயதான காலத்துக்கு, அம்மாள் பெயரில் என்ன இருக்கிறது?

பீரோவைத் திறந்து பாருங்கள்

சகோதரிகள் இன்று சாயந்திரம் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். பீரோவைத் திறந்து எல்லாப் பத்திரங்களையும் எடுத்து வெளியே வையுங்கள். வீட்டுக் கிரயப் பத்திரம் யார் பெயரில்? பாங்க் டெபாசிட் யார் பெயரில்? பிராவிடண்டு பண்டு, பங்குப் பத்திரம், கார் எல்லாம் யார் பெயரில்? பல வீடுகளில் மனைவியின் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் தென்படும். நாமினி என்று போட்டிருக்கும் கட்டத்தில்!

கணவர் நல்லவரில்லை என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. பெரும்பாலான வீடுகளில் அவர் தங்கமான மனிதர். “எல்லாம் உனக்கும் குழந்தைகளுக்கும்தானே?” என்று மனப்பூர்வமாகத்தான் சொல்கிறார். ஆனால் பாங்க் குமாஸ்தாவுக்கு அவர் மனம் தெரியாது, கையெழுத்துத்தான் தெரியும்.

வயதுக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. நம் வீடுகளில் கணவர் மனைவியை விட நாலைந்து வயது மூத்தவராக இருப்பது வழக்கம். பெண்களுக்கு ஆயுசும் பொதுவாகச் சற்று அதிகம். இரண்டையும் கூட்டினால், எத்தனையோ பெண்கள் கடைசி ஏழெட்டு வருஷங்களைத் தனியாகவே கழிக்கவேண்டியிருக்கிறது. அந்த வருஷங்களில்தான் டாக்டர் செலவும் அதிகம். கம்பெனி கொடுத்த மருத்துவ இன்ஷ்யூரன்ஸோ பெரும்பாலும் உத்தியோகத்தோடு போய்விடும்.

“பென்ஷன் வருமே!”

“அவருக்குப் பிறகு எனக்குப் பாதிப் பென்ஷன் வரும்” என்று தைரியமாக இருக்கும் அம்மாள்கள் பலர். 2004 ஜனவரிக்கு முன் சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்து பழைய பென்ஷன் வாங்குகிறவர் வீடானால் அந்தத் தைரியத்துக்குக் காரணம் உண்டு. தனியார் கம்பெனி என்றால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

1995-ஆம் வருஷத்துத் தொழிலாளர் பென்ஷன் திட்டத்தில், பென்ஷனுக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. 2014 செப்டம்பரில் அதை ரூ. 15,000 என்று வைத்தார்கள். கணவர் இரண்டு லட்சம் வாங்கினாலும் கணக்கில் ஏறுவது பதினைந்தாயிரந்தான். அதைச் சர்வீஸ் வருஷங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்கவேண்டும். முப்பது வருஷச் சர்வீஸுக்கு இரண்டு வருஷம் இனாமாகச் சேர்த்து 32 என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், மாதம் ரூ. 6,857 வருகிறது. அவருக்குப் பின் மனைவிக்கு அதில் பாதி, அதாவது சுமார் ரூ. 3,400.

இரண்டு லட்ச ரூபாயில் குடித்தனம் நடத்திய அம்மாளுக்கு மூவாயிரத்து நானூறு! தண்ணீர் லாரிக்கும் கரண்டு பில்லுக்கும் போதுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அதிகச் சம்பளத்துக்கே பென்ஷன் வேண்டும் என்று முறைப்படி விருப்பம் எழுதிக் கொடுத்தவர்களின் நிலை வேறு. மற்றொரு பக்கம், 2014 செப்டம்பருக்குப் பிறகு அந்த வரம்புக்கு மேற்பட்ட சம்பளத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இந்தப் பென்ஷன்கூடக் கிடையாது. இளம் என்ஜினீயர்களின் மனைவிமார் இதை முக்கியமாக விசாரித்துத் தெரிந்துகொள்ளவேண்டும்.

கடற்கரையில் நடந்த ஒரு கதை

சொந்த வியாபாரம் செய்கிறவர் வீட்டில் அபாயம் வேறு ரூபத்தில் இருக்கிறது. லாரியும் படகும் கடனில் ஓடுகின்றன. வியாபாரம் இடறினால், அவர் பெயரில் இருப்பதெல்லாம் கடன்காரருக்குப் பதில் சொல்லவேண்டும்.

ராயபுரத்துக்கு ஒரு கூப்பிடு தூரத்தில், இன்றைய ராஜாஜி சாலையில், அந்தக் காலத்தில் அர்பத்நாட் கம்பெனி என்று ஒரு பெரிய பாங்க் இருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி, அசைக்க முடியாதது என்று பெயர். வக்கீல்கள், பென்ஷன்காரர்கள், விதவைகள் எல்லாரும் அங்கே பணத்தைப் போட்டிருந்தார்கள். 1906 அக்டோபர் 22-ஆம் தேதி கம்பெனி மூழ்கியது. அதன் தலைவர் ஜெயிலுக்குப் போனார். போட்ட பணம் போட்டவர்களுக்கு முழுசாகத் திரும்பவில்லை. அந்த அதிர்ச்சியிலிருந்துதான் மறு வருஷம், 1907 ஆகஸ்டு 15-ஆம் தேதி, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் இந்தியன் பாங்க் தொடங்கப்பட்டது. எவ்வளவு பெரிய இடமானாலும் எல்லாவற்றையும் அங்கேயே போட்டு வைக்கக் கூடாது என்பதைச் சென்னை அன்று கண்ணீர் விட்டுத் தெரிந்துகொண்டது. ஒரே கம்பெனிக்குப் பொருந்துகிற இந்தப் பாடம் ஒரே பெயருக்கும் பொருந்தும்.

அடுப்படி வேலைக்கு விலை உண்டா?

“நான் ஒன்றும் சம்பாதிக்கவில்லையே! என் பெயரில் எதற்கு?” என்று தயங்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சர்க்கார் புள்ளிவிவரமும் கோர்ட்டுத் தீர்ப்புமே பதில் சொல்கின்றன.

2019-இல் இந்திய சர்க்கார் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் சராசரியாக ஒரு நாளைக்கு 299 நிமிஷம் செலவிடுகிறாள் என்று தெரிந்தது. ஆணுக்கு 97 நிமிஷம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம், வருஷத்தில் ஒரு நாள்கூட லீவு இல்லாமல்.

1989-இல் ஜாம்ஷெட்பூர் தொழிற்சாலை விழாவில் ஒரு பெரிய தீ விபத்து நடந்தது. அதில் இறந்துபோன குடும்பப் பெண்களுக்கு நஷ்ட ஈடு கணக்கிடும்போது, அவர்கள் வீட்டுக்குச் செய்து வந்த சேவையின் மதிப்பை மாதம் ரூ. 3,000 என்று 2001-இல் சுப்ரீம் கோர்ட்டு வைத்தது. விலை போட்டார்கள் என்பது சந்தோஷம். ஆனால் செத்த பிறகல்லவா விலை போட்டார்கள்?

உயிரோடு இருக்கும் மனைவிக்கு நம்முடைய சென்னை ஹைகோர்ட்டு 2023 ஜூன் 21-ஆம் தேதி ஒரு தீர்ப்பு அளித்தது. கணவர் பல வருஷம் சவூதி அரேபியாவில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் குடும்பத்தையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டாள். சொத்துக்கள் யாருக்கு என்று பின்னால் தகராறு. நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவர் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது என்று எடுத்துக் காட்டினார். சமையல்காரி, வைத்தியர், கணக்குப்பிள்ளை, நிர்வாகி என்று அவள் ஒருத்தியே பார்க்கும் வேலைகளை வரிசையாகச் சொல்லி, அப்படி இருவர் முயற்சியில் வாங்கிய சொத்தில் அவளுக்குச் சம பங்கு உண்டு என்றார். இப்படி அங்கீகரிக்கத் தனிச் சட்டம் இல்லை என்பதையும் அவரே குறிப்பிட்டார்.

மறு வருஷம், 2024 ஜூலையில், சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி பி.வி. நாகரத்னா ஒரு தீர்ப்பில் கணவன்மார்களுக்கு யோசனை சொன்னார். சொந்த வருமானம் இல்லாத மனைவிக்குக் கூட்டுக் கணக்கு, ஏ.டி.எம். கார்டு முதலிய வசதிகளைச் செய்து தந்து அவளைப் பலப்படுத்தவேண்டும் என்பது அதன் சாரம்.

ஆனால் கோர்ட்டு ஏறிப் பங்கு வாங்குவது ஒரு நாளில் நடக்கிற காரியமல்ல. சவூதிக்காரர் வழக்குத் தீருவதற்குள் கணவரே காலமாகிவிட்டார். சுமுகமாக இருக்கும்போதே, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து செய்துகொள்ளக்கூடிய ஏற்பாட்டைக் கோர்ட்டுக்கு விட்டுவைப்பானேன்?

சிறுவாடும் நகையும் சீட்டும்

நம் பாட்டிமார்களுக்கு இந்த ஞானம் எப்போதும் உண்டு. கடுகு டப்பாவில் சிறுவாடு சேர்த்தார்கள். ஏலச் சீட்டுக் கட்டினார்கள். வளையலாகவும் சங்கிலியாகவும் தங்கம் வாங்கினார்கள். சீதனம் பெண்ணின் தனிச் சொத்து என்பதைச் சுப்ரீம் கோர்ட்டு 1985-லேயே உறுதிப்படுத்தியிருக்கிறது.

ஆனால் முதுமைக்கு இவை மட்டும் போதாது. நகையை விற்கப் போனால் செய்கூலியும் சேதாரமும் நஷ்டம். மேலும், எந்த அம்மாளாவது பேத்தி கல்யாணத்தை நினைக்காமல் சங்கிலியை விற்றதுண்டா? சீட்டு என்றால் 1982-ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவு செய்த கம்பெனியா என்று பார்க்கவேண்டும். சீட்டு நடத்துகிறவர் ஒரு நாள் ராத்திரி வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்ட கதை எந்தத் தெருவில் இல்லை? டப்பாவில் இருக்கும் ரொக்கமோ, விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருஷத்தில் பாதி மதிப்பாகிவிடும்.

முதல் படி: பி.பி.எஃப்.

பப்ளிக் பிராவிடண்டு பண்டு 1968-இல் வந்தது. ‘பிராவிடண்டு பண்டு’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு, உத்தியோகம் பார்க்கிறவர்களுக்குத்தான் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். உத்தியோகமும் வேண்டாம், வருமானமும் வேண்டாம். போஸ்டாபீஸிலோ பாங்கிலோ எந்த அம்மாளும் தன் பெயரில் தொடங்கலாம். வருஷத்துக்குக் குறைந்தது ரூ. 500, அதிகபட்சம் ரூ. 1,50,000. கணவருக்குத் தனிக் கணக்கு இருந்தாலும் மனைவியின் வரம்பு அவளுக்கே தனி.

2020 ஏப்ரலில் வட்டியை 7.1 சதவீதம் ஆக்கினார்கள். 2025 முழுவதும் அதே வட்டிதான் நடந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சர்க்கார் இதைப் பரிசீலிக்கும். அந்த வட்டி மாறாது என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் பாருங்கள். வருஷா வருஷம் ஏப்ரல் முதல் வாரத்தில் ஒன்றரை லட்சம் போட்டு வந்தால், 15 வருஷத்தில் போட்டது 22½ லட்சம். கையில் வருவது சுமார் 40 லட்சத்து 68 ஆயிரம். அதோடு நிறுத்தாமல் ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கொண்டே போகலாம். 20 வருஷத்தில் சுமார் 66½ லட்சம். 25 வருஷத்தில் ஒரு கோடியைத் தாண்டுகிறது. 35 வயதில் தொடங்கும் பெண்ணுக்கு 60 வயதில் கோடி ரூபாய், அதுவும் அவள் பெயரிலேயே!

மாதா மாதம் கட்டுகிறவர்கள் ஒன்றை ஞாபகத்தில் வைக்கவேண்டும். 5-ஆம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாதத்துக்கு வட்டி. 6-ஆம் தேதி கட்டினால் ஒரு மாத வட்டி போயிற்று.

இந்தப் பணத்தைக் கடனுக்காகக் கோர்ட்டு ஜப்தி செய்ய முடியாது என்று சட்டமே பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. வியாபாரிகள் வீட்டுக்கு இது பெரிய ஆறுதல். ஏழாவது வருஷத்திலிருந்து ஒரு பகுதியை எடுக்கவும் வழி உண்டு.

வரிக்காரர் என்ன சொல்வார்?

சம்பளம் பெரிதான வீடுகளில் உடனே எழும் கேள்வி இது. கணவர் மனைவிக்குக் கொடுக்கும் பணத்துக்கு வரி இல்லை. ஆனால் அந்தப் பணத்தை அவள் பாங்க் டெபாசிட்டில் போட்டால், வரும் வட்டியைக் கணவர் வருமானத்தோடு சேர்த்து அவர் விகிதத்தில் வரி போடுவார்கள். 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு இது. 2026 ஏப்ரலில் அமுலுக்கு வந்த 2025-ஆம் வருஷத்துப் புதிய சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது.

இதைக் கேட்டு, “அப்படியானால் உன் பெயரில் போட்டு என்ன லாபம்?” என்று பேச்சை முடித்துவிடும் கணவர்கள் உண்டு. லாபம் வரியில் இல்லை, அம்மா, பெயரில் இருக்கிறது. வரி எப்படியும் கட்டவேண்டியதே. பி.பி.எஃப். வட்டிக்கு வரியே கிடையாதாகையால் அங்கே இந்தத் தகராறுக்கே இடமில்லை. டெபாசிட்டிலும், வந்த வட்டியைத் திரும்பப் போட்டு அதில் பிறக்கும் வட்டி மனைவியின் வருமானமாகத்தான் கருதப்படும்.

பென்ஷனை நாமே செய்துகொள்வது

சர்க்கார் ஊழியர்களுக்காக 2004-இல் தொடங்கிய தேசிய பென்ஷன் திட்டத்தை, 2009 மே முதல் தேதியிலிருந்து எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். சம்பளம் இல்லாத குடும்பப் பெண்ணும் சேரலாம். வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் கட்டினாலும் கணக்கு நடக்கும். பணம் பங்குகளிலும் பத்திரங்களிலும் போடப்படுவதால் ஏறவும் இறங்கவும் செய்யும். நீண்ட காலத்துக்கு வைக்கிறவர்களுக்கே ஏற்றது. 60 வயதுக்குப் பின் ஒரு பகுதியை ரொக்கமாக எடுத்துக்கொண்டு, மீதிக்கு ஆயுள் முழுவதும் மாதாந்திரப் பென்ஷன் வாங்கிக்கொள்ளவேண்டும். 2025 டிசம்பரில் விதியைத் தளர்த்தி, பெருந்தொகை சேர்ந்திருந்தாலும் ஐந்தில் ஒரு பங்குக்குப் பென்ஷன் வாங்கினால் போதும் என்று ஆக்கினார்கள். ஆனால் ‘மொத்தமும் கையில்’ என்ற ஆசைக்கு அதிகம் இடம் கொடுக்கவேண்டாம். கையில் மொத்தமாகப் பணம் இருக்கும் விதவை வீட்டுக்குத்தான் உறவினர்கள் அடிக்கடி வருவார்கள்!

2015-இல் வந்த அடல் பென்ஷன் திட்டத்திலும் ஒரு விசேஷம் உண்டு. வருமான வரி கட்டுகிறவர்கள் அதில் சேரக் கூடாது என்று 2022 அக்டோபர் முதல் விதி. கணவர் வரி கட்டினாலும், தான் வரி கட்டாத மனைவி 40 வயதுக்குள் சேரலாம். 30 வயதில் சேர்ந்தால் மாதம் ரூ. 577, 60 வயதுக்குப் பின் மாதம் ரூ. 5,000. அதை வைத்துக் குடித்தனம் நடத்த முடியாது; மருந்துச் செலவுக்கு ஆகும்.

பரஸ்பர நிதி, அதாவது மியூச்சுவல் பண்டு, பற்றியும் கேட்பீர்கள். 25 வயதிலும் 35 வயதிலும் இருப்பவர்கள் கொஞ்சம் போடலாம். ஆனால் பத்திரமானது என்று எல்லாரும் நம்பிய யூனிட் டிரஸ்டின் 1964-ஆம் வருஷத்து யூனிட் திட்டமே, 2001 ஜூலையில் சிறிது காலம் பணம் திருப்பித் தருவதை நிறுத்தியது. 60 வயதை நெருங்க நெருங்க ஏறி இறங்கும் சமாசாரங்களைக் குறைத்துக்கொள்ளவேண்டும்.

60 வயது பூர்த்தியானதும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் காத்திருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 2025-இல் வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கையில் வரும். அவர் 30 லட்சம், அம்மாள் தனியே 30 லட்சம். அம்மாள் பெயரில் இருக்கும் 30 லட்சத்துக்கு அந்த வட்டியில் மாதம் சுமார் ரூ. 20,500 ஆகிறது. மேலே பார்த்த மூவாயிரத்து நானூறோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சென்னைப் பெண்களுக்கு முதலில் கிடைத்த பாதுகாப்பு

இனிச் சொல்லப்போவது, இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டுகளே பல சமயம் சொல்ல மறந்துவிடுகிற விஷயம். 1874-ஆம் வருஷத்து ‘மணமான பெண்களின் சொத்துச் சட்டம்’ இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன் 6-ஆம் பிரிவின்படி, ஒருவர் தம் ஆயுளின் பேரில் மனைவி மக்களின் நன்மைக்கென்று எடுக்கும் பாலிசி, அவர்களுக்கான டிரஸ்டு சொத்தாகிவிடும். கணவரின் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. கணவரே மனம் மாறி அதை அடகு வைக்கவும் முடியாது.

இந்தப் பிரிவு ஹிந்துக்களுக்குப் பொருந்துமா என்று அந்த நாளில் ஒரு சந்தேகம். பொருந்தும் என்று சென்னை ஹைகோர்ட்டு முடிவு சொன்னது. ஆகவே பின்னால் சட்டத்தைத் திருத்தியபோது, ஹிந்து, முஸ்லிம், சீக்கிய, ஜைனர்களுக்குச் சென்னையில் 1913 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்த பாலிசிகளிலிருந்தும், மற்ற இடங்களில் 1923 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு எடுத்தவைகளிலிருந்தும் இது செல்லும் என்று எழுதி வைத்தார்கள். மற்ற ஊர்ப் பெண்களுக்கு ஒன்பது வருஷம் முன்பே நம் சென்னைப் பெண்களுக்குக் கிடைத்த உரிமை! பாலிசி எடுக்கும்போதே இதற்கான பாரத்தைப் பூர்த்தி செய்யவேண்டும். பிறகு சேர்க்க முடியாது. லாரி, படகு, ஏஜென்சி என்று கடனில் தொழில் நடத்துகிறவர் வீட்டில் இதை அவசியம் செய்யவேண்டும்.

மற்ற தேசங்களில்

நம் உறவினர்கள் பலர் இருக்கும் சிங்கப்பூரில் 1955 முதல் மத்திய சேம நிதி நடக்கிறது. அங்கே கணவர் மனைவியின் ஓய்வுக்காலக் கணக்கில் பணம் போட்டால், அதற்கென்றே அவருக்கு வரிச் சலுகை உண்டு. ஜெர்மனியில் 1977 முதல், விவாகரத்து நேர்ந்தால் மணவாழ்க்கைக் காலத்தில் சேர்ந்த பென்ஷன் உரிமையை இருவருக்கும் பகிர்ந்து கொடுக்கிறார்கள். ஜப்பானில் 1986 முதல், சம்பளக்காரரின் மனைவி தனியே சந்தா கட்டாமலே தேசிய பென்ஷனில் சேர்க்கப்படுகிறாள்.

நம் தேசத்தில் மனைவியின் பென்ஷன் கணக்கில் பணம் போடும் கணவருக்குத் தனிச் சலுகை கிடையாது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, குடும்பத் தலைவியின் உழைப்பை உரிமை என்று பெயரிட்டு மதித்தது. ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும் என்று நிபந்தனை வைத்துத் தொடங்கினார்கள். ஆகவே பெரிய சம்பள வீட்டு அம்மாளுக்கு வீட்டுக்குள்ளேயேதான் ஏற்பாடு நடக்கவேண்டும்.

நாமினி வேறு, வாரிசு வேறு

நாமினி என்று எழுதிவிட்டால் பணம் தனக்கே என்று நினைப்பது பெரிய தப்பு. பணத்தை வாங்கி உரியவர்களிடம் சேர்ப்பிக்கிறவர்தான் நாமினி என்று சுப்ரீம் கோர்ட்டு பல தடவை சொல்லியிருக்கிறது. 2023 டிசம்பரில் பங்குகளைப் பற்றியும் அப்படியே சொன்னது. ஆயுள் இன்ஷ்யூரன்ஸில் மட்டும், 2015-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி, மனைவி நாமினியானால் பணம் அவளுக்கே உரியது.

உயில் இல்லாமல் போனால் பங்கு எப்படி? ராயபுரத்தின் ஒரே தெருவில் மூன்று விதம். ஹிந்து வீட்டில், 1956-ஆம் வருஷத்துச் சட்டப்படி, மனைவி, பிள்ளைகள், மாமியார் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு சமப் பங்கு. கிறிஸ்தவர் வீட்டில், பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று. முஸ்லிம் வீட்டில், பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. ஆக, ‘எல்லாம் உனக்குத்தானே’ என்று கணவர் வாயால் சொன்னது எந்த வீட்டிலும் அப்படியே நடப்பதில்லை. முஸ்லிம் சட்டத்தில் உயிலுக்கு வரையறை உண்டு. மற்றவர்கள் உயில் எழுதி வைப்பது உத்தமம்.

பாங்கில் கூட்டுக் கணக்கு வைக்கும்போது ‘இருவரில் எவரும், அல்லது பிழைத்திருப்பவர்’ என்ற முறையில் வையுங்கள். ‘முதலாமவர், அல்லது பிழைத்திருப்பவர்’ என்றிருந்தால், அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது நீங்கள் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது.

பத்திரங்களின் பத்திரம் இன்னொன்று. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் எர்ணாவூர், எண்ணூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்து நாசம் செய்ததை அந்த வட்டாரத்துப் பெண்கள் மறந்திருக்கமாட்டார்கள். கீழ்த் தட்டுப் பெட்டியில் காகிதம் வைக்கவேண்டாம். தண்ணீர் புகாத உறையில், உயரமான இடத்திலோ லாக்கரிலோ வைத்து, ஒவ்வொன்றின் நகலையும் போட்டோ எடுத்து உங்கள் கைப்போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் பேச்செடுப்பது?

இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது என்று சகோதரிகள் சொல்வார்கள். “என்னங்க, உங்களுக்கு அப்புறம் எனக்கு என்ன வழி?” என்று ஆரம்பித்தால் எந்தக் கணவருக்கும் முகம் சுருங்கத்தான் சுருங்கும். அந்தக் கேள்வி வேண்டாம். “நம்ம ரெண்டு பேருக்கும் அறுபது வயசுக்கு மேல மாசம் எவ்வளவு வேணும்னு ஒரு கணக்குப் போடலாமாங்க?” என்று கேட்டுப் பாருங்கள். கணக்கு என்றால் ஆண்களுக்கு உற்சாகம். பேப்பரும் பேனாவும் தாமே எடுத்து வருவார்கள். பாதிக் கணக்கில், உங்கள் பக்கத்துக் கட்டம் காலியாக இருப்பது அவர் கண்ணிலேயே படும்.

பிறகு தாமதம் வேண்டாம். உங்கள் பெயரில் பான் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரையும் இரண்டு போட்டோவையும் எடுத்துக்கொண்டு பக்கத்துப் போஸ்டாபீஸுக்கு அவரோடு சேர்ந்தே போங்கள். ஐந்நூறு ரூபாயில் கணக்குத் தொடங்கினாலும் போதும். ஆனால் பாரத்தில் கையெழுத்துப் போடுகிறவர் நீங்களாக இருக்கவேண்டும். அடுத்த மாதத்துப் பணத்தை 5-ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள்.